நூறு கிலோவைத் தாங்கும் சைக்கிள் சக்கரம்

உடம்பு கொஞ்சம் கனமான ஒருவர், எடையைக் குறைக்கலாம் என்று சைக்கிள் வாங்குகிறார். நாலைந்து மாதம் நன்றாகத்தான் போகிறது. ஒருநாள் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் போக்ஸ் கம்பி ஒன்று அறுந்து தொங்குகிறது. கடையில் மாற்றிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் இன்னொன்று, அதன்பின் இன்னொன்று. "சார் வெயிட்டுக்கு இது தாங்காது சார், கட்டக் கம்பி போட்டுக்கங்க" என்கிறார் மெக்கானிக். வெட்கத்தோடு வீடு திரும்பும் மனிதர் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு மறுபடி ஸ்கூட்டரை எடுக்கிறார்.

எடைதான் காரணம் என்பது பாதி உண்மை. நம் ஊரில் பழைய பெரிய சைக்கிள்கள் சுமந்த பாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேரியரில் இரண்டு மூட்டை, முன்பாரில் பையன், மிதிக்கிறவர் வேறு. இருநூறு கிலோவுக்குக் குறையாது. அந்தச் சைக்கிளின் கம்பிகளை எண்ணினால் முன்னால் 32, பின்னால் பெரும்பாலும் 40 இருக்கும். பிரிட்டனின் ரோட்ஸ்டர் சைக்கிள்களில் இருந்த வழக்கம் அது. 1949-இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டாகத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற கம்பெனிகள் வழியாக இங்கேயும் அதுவே நிலைத்தது. பாரம் பின்சக்கரத்தில்தான் அதிகம் விழும் என்று தெரிந்து எட்டுக் கம்பியைக் கூடுதலாகப் போட்டவர்கள் அவர்கள். இன்றைய பளபளப்பான கியர் சைக்கிளில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. பின்னால் 32 இருந்தால் நல்லது. விலை உயர்ந்த ரேஸ் சக்கரங்களில் 24, 20 என்று குறைந்துகொண்டே போகிறது.

எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள, சைக்கிள் சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் இடையே ஆரக்கால்கள். வண்டியின் பாரம் குடத்தில் இறங்குகிறது. குடம் தனக்குக் கீழே இருக்கும் ஆரக்காலை அழுத்துகிறது. ஆரக்கால் தடித்த மரம் என்பதால் அசையாமல் ஊன்றி நிற்கிறது. சைக்கிளில் இதற்கு வழியே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் முப்பது சென்டிமீட்டர் நீளமும் உள்ள போக்ஸ் கம்பியை மேசைமேல் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினால் வில்லாக வளைந்துவிடும். அழுத்தத்தைத் தாங்க அதற்குத் தெரியாது, இழுப்பை மட்டும்தான் தாங்கும். ஆகவே சக்கரம் கட்டும்போதே ஒவ்வொரு கம்பியையும், ரிம்மில் அதன் முனையைப் பிடித்திருக்கும் நிப்பிள் என்ற சின்ன மரையைத் திருகி இழுத்துவைக்கிறார்கள். பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி ஒன்றில் 100 முதல் 120 கிலோ வரை இழுப்பு இருக்கும். சராசரி 90 கிலோ என்று வைத்தாலும், 36 கம்பிக்கு மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. சக்கரம் சுவரில் சாய்ந்து சும்மா நிற்கும்போதே அதற்குள் இவ்வளவு விசை இருக்கிறது.

இப்போது நீங்கள் ஏறி உட்காருகிறீர்கள். ரிம் தரையைத் தொடும் இடத்தில் இம்மியளவு உள்வாங்குகிறது. அந்த இடத்தில் இருக்கும் நாலைந்து கம்பிகளின் இழுப்பு குறைகிறது. மற்ற கம்பிகளில் சொல்லும்படி மாற்றம் இல்லை. கீழே இருக்கும் அந்தச் சில கம்பிகள் இழந்த இழுப்பின் கூட்டுத்தொகைதான், ஏறத்தாழ, சக்கரத்தின்மேல் விழுந்த எடை. இழுத்துக் கட்டிய கம்பி கொஞ்சம் தளர்வதன் மூலமே சைக்கிள் சக்கரம் உங்களைச் சுமக்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் 110 கிலோ, சைக்கிள் 15, பை 5, ஆக 130 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது இதில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரத்துக்குப் போகும். அதாவது 78 கிலோ. இதை நாலைந்து கம்பிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, நேர் கீழே இருப்பது 25, 30 கிலோ இழுப்பை இழக்கக்கூடும். பள்ளத்தில் விழுந்தால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கம்பியில் முதலில் 100 கிலோ இழுப்பு இருந்தால் அவ்வளவு இழந்தாலும் மிச்சம் இருக்கும். 40 கிலோ மட்டுமே இருந்தால்? பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்த நொடியில் அந்தக் கம்பி சக்கரத்தில் இல்லாத மாதிரிதான். பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். இழுப்பில்லாத நிப்பிள் அதிர்வில் தானாகக் கழன்று இன்னும் தளரும். கோட்டம் விழுவது, அதாவது ரிம் நேராகச் சுழலாமல் ஆடுவது, இங்கேதான் தொடங்குகிறது.

அறுவதும் இங்கேதான். ஒரே தடவையில் பாரம் தாங்காமல் கம்பி அறுவது அபூர்வம். இரண்டு மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை இழுத்து அறுக்க 250 கிலோவுக்கு மேல் வேண்டும். அதைக் கொல்வது களைப்பு. 700சி என்ற அளவுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 475 சுற்று; ஆயிரம் கிலோமீட்டருக்கு நாலே முக்கால் லட்சம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகுகிறது. சைக்கிள் சக்கரத்தின் குடமான ஹப்பின் துளைக்குள் கம்பி வளைந்து நுழையும் முழங்கைப் பகுதியில், இந்த ஆட்டத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து மெல்ல வளர்கிறது. பள்ளத்தில் விழுந்தபோது தப்பித்த கம்பி, வழவழப்பான சாலையில் நிதானமாகப் போகும்போது அறுவது இதனால்தான். "ஒண்ணுமே பண்ணலியே" என்று ஓட்டுகிறவர் சொல்வது சத்தியமான வார்த்தை.

கனமானவர் சக்கரத்தில் தேட வேண்டியது போதுமான இழுப்பு, அதுவும் எல்லாக் கம்பிகளிலும் சமமான இழுப்பு. நேராகச் சுழலும் சக்கரத்தில் இது தானாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்பி அளவுக்கு மீறி இறுகி, அதன் பக்கத்துக் கம்பி தொளதொளவென்று இருந்தாலும் ரிம் நேராகவே நிற்கலாம். ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துக்கொள்ளும். மெஷினில் கட்டி வரும் மலிவான சக்கரங்களில் பெரும்பாலும் இந்த நிலைதான்: பார்வைக்கு நேர், தொட்டால் தளர்வு. அறுபது கிலோ ஆளுக்கு அது ஓடிவிடும். உங்களுக்கு ஓடாது.

கட்டக் கம்பி போடலாமா?

மெக்கானிக் சொல்லும் கட்டக் கம்பி என்பது 13 கேஜ், அதாவது 2.3 மி.மீ. வழக்கமானது 14 கேஜ், 2 மி.மீ. தடித்தது பலமானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நூறு கிலோ இழுப்பில் இரண்டு மி.மீ. கம்பி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீள்கிறது. 13 கேஜ் கம்பி அதே இழுப்பில் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் நீளும். ரிம் அந்த அளவு உள்வாங்கினாலே தடித்த கம்பியின் இழுப்பு முழுதும் போய்விடும். மெல்லிய கம்பியில் அப்போதும் மிச்சம் இருக்கும். நீளக்கூடிய கம்பி பாரத்தைப் பக்கத்தாரோடு பகிர்கிறது. விறைத்த கம்பி தனியாக வாங்கிக்கொள்கிறது, போதாததற்கு ரிம்மின் துளையையும் நோகடிக்கிறது.

அதனால்தான் நல்ல சக்கரம் கட்டுகிறவர்கள் இரண்டு முனையும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இழைத்த கம்பியை விரும்புகிறார்கள். கனமானவர்களுக்கென்றே முழங்கைப் பக்கம் மட்டும் தடித்த ரகமும் உண்டு. டிடி ஸ்விஸ் கம்பெனியின் ஆல்பைன் 3 என்பது முழங்கையில் 2.34, நடுவில் 1.8, மரைப்பக்கம் 2.0 மி.மீ. களைப்பு விழும் இடத்தில் தடிமன், நீள வேண்டிய இடத்தில் மெலிவு. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் சாதாரண 14 கேஜ் ஸ்டெயின்லெஸ் கம்பியே போதும். ஒழுங்காகக் கட்டினால் அது பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்.

பின்சக்கரத்தின் தகராறு

அறுவது ஏன் எப்போதும் பின்சக்கரத்தில்? எடை அங்கே அதிகம் என்பது ஒன்று. இன்னொன்று கியர். வலப்பக்கத்தில் ஏழெட்டுப் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி இருக்கிறது. வலப்பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நேராக நிற்க, இடப்பக்கக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்து போகின்றன. ரிம் சைக்கிளின் நடுவே நிற்க வேண்டுமானால் வலதை அதிகமாக இழுத்து இடதைக் குறைவாக இழுத்தாக வேண்டும். வலதில் 110 கிலோ என்றால் இடதில் 60 இருந்தால் அதிகம். முன்பு போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: பள்ளத்தில் முதலில் பூஜ்யத்துக்குப் போவது இடப்பக்கம். வலதைப் போதுமான அளவு இறுக்கிவைப்பது, அதைப் பார்த்து இடதும் உயர்வதற்காகத்தான்.

கியர் இல்லாத சைக்கிளில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. சமதளமான ஊரில் ஓட்டப்போகும் நூறு கிலோ ஆளுக்கு, கியர் இல்லாத சைக்கிளைத் தயங்காமல் சொல்வேன்.

ஹப் வாங்கும்போது பல்சக்கரம் எப்படி மாட்டுகிறது என்று கேளுங்கள். ஹப்பின் மேல் திருகி மாட்டும் ஃப்ரீவீல் என்றால், வலப்பக்க பேரிங் வெகு உள்ளே இருக்கும். ஆக்சிலின் முனை ஆதாரமில்லாமல் வெளியே நீண்டு, கனமானவருக்கு வளையும், சில சமயம் உடையும். ஷிமானோ 1978-இல் கொண்டுவந்த கேசட் வகை ஃப்ரீஹப்பில் பேரிங்கை வெளி ஓரத்துக்கே தள்ளிவிட்டார்கள். விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் கியர் சைக்கிளில் இதைத்தான் எடுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூறு கிலோவுக்கு மேல் என்றால் பின்னால் 36 கம்பி, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டிப் போகும் பின்னல். முன்னால் 32 போதும். இரண்டு பேர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளுக்கு 40, 48 துளை ஹப்புகளும் வருகின்றன. மிகவும் கனமானவர்கள் அதைப் பார்க்கலாம். ரிம் அலுமினியத்தில் டபுள் வால் ஆக இருக்கட்டும், உள்ளே இரண்டு அடுக்காக இருக்கும். ஒற்றை அடுக்கு ரிம் வேண்டாம். நிப்பிள் பித்தளையில். அலுமினிய நிப்பிள் எடை குறைவு, ஆனால் நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் பூத்துப்போய், திருகும் கீ வைத்தாலே உடையும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குறைந்தது 40 மி.மீ. அகலம் போட்டுவிட்டால் சக்கரத்தின் பாதிக் கவலை தீரும். ரிம்மில் நேரடியாக அடி விழாமல் காற்று வாங்கிக்கொள்கிறது. பஞ்சர் கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் கனமானவருக்கு உதவாது. அளவு காட்டும் பம்ப் ஒன்று வீட்டில் வேண்டும். டயரின் ஓரத்தில் பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும் காற்றழுத்த எல்லைக்குள், பின்னால் கொஞ்சம் அதிகமாகவும் முன்னால் கொஞ்சம் குறைவாகவும் வாரம் ஒருமுறை அடித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த டயரோடு வேகத்தடையில் ஏறினால் எவ்வளவு நல்ல ரிம்மும் நசுங்கும்.

கோட்டம் எடுப்பது

கோட்டம் என்றதும் ரிம் இடவலமாக ஆடுவது மட்டும்தான் நினைவுக்கு வரும். பார்க்க வேண்டியவை உண்மையில் நாலு: பக்கவாட்டு ஆட்டம், மேலும் கீழுமாக எம்புவது, ரிம் நடுவில் நிற்கிறதா என்பது, கம்பிகளின் இழுப்பு சமமா என்பது. கடைசியதைத்தான் பெரும்பாலான கடைகளில் பார்ப்பதில்லை.

சின்னக் கோட்டத்தை வீட்டிலேயே எடுக்கலாம். வேண்டியது ஒரு நிப்பிள் கீ. அளவு சரியாகப் பொருந்த வேண்டும், 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று வெவ்வேறாக இருக்கின்றன. தொளதொளப்பான கீ நிப்பிளின் முனையை மழித்துவிடும். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்துங்கள். பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் என்றால் பிளாஸ்டிக் டை ஒன்றை ஃபிரேமில் கட்டி, முனை ரிம்மை உரசுகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள்.

கீயைத் தொடுவதற்கு முன், கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேளுங்கள். இடதும் வலதும் வேறு வேறு சுருதியில்தான் ஒலிக்கும், அதனால் வலதை வலதோடும் இடதை இடதோடும் மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே பக்கத்தில் ஒன்று 'ணிங்' என்றும் இன்னொன்று 'தொப்' என்றும் கேட்டால் கோளாறு அங்கேதான். ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் வலப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும், அல்லது இடப்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டும். எது என்பதைச் சத்தம் சொல்லும். ஏற்கெனவே தளர்ந்திருப்பதை இறுக்குங்கள், ஏற்கெனவே விறைத்திருப்பதைத் தளர்த்துங்கள். கண் மட்டும் வைத்து எடுக்கும் கோட்டத்துக்கும் காதையும் சேர்த்து எடுப்பதற்கும் இதுதான் வித்தியாசம்.

டயர்ப் பக்கத்திலிருந்து நிப்பிளைப் பார்த்தால் கடிகார முள் திசையில் திருகுவது இறுக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கம்பியின் மரையில் ஒரு முழுச் சுற்று என்பது 0.45 மி.மீ. கம்பி மொத்தமாக நீண்டிருப்பதே அரை மில்லிமீட்டர்தான் என்று மேலே பார்த்தோம். ஒரு முழுச் சுற்றை ஒரே கம்பியில் கொடுக்கிறவர் என்ன செய்கிறார் என்று இப்போது புரியும். இறுக்கும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் வேண்டியதைவிடச் சற்று அதிகம் திருகிவிட்டு அந்த அளவு பின்னால் வாருங்கள். மரையில் முன்கூட்டியே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தத் தொல்லை குறையும்.

ரிம் மேல்நோக்கி எம்பும் இடத்தில் இடது வலது இரண்டையும் சமமாக இறுக்கி உள்ளே இழுக்க வேண்டும். முன்சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, கழற்றி இடம்வலம் மாற்றி ஃபோர்க்கில் மாட்டினால் போதும். இரண்டு தடவையும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் தேடினால் சமமான இழுப்பைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பிடித்து, கையுறை போட்டுக்கொண்டு, பலமாக நசுக்குங்கள். சக்கரம் முழுதும் இப்படிச் சுற்றி வாருங்கள். முழங்கை தன் இடத்தில் அமர்ந்து, வளைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய விசை தளரும். கம்பியின் ஆயுள் கூடுவது இதில்தான், ஆனால் ஐந்து நிமிடக் கோட்டத்தில் இதற்கு நேரம் இருக்காது. நசுக்கியபின் மறுபடி சுழற்றிப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டம் வந்திருக்கும், திரும்ப எடுங்கள். இதைச் செய்யும்போது ரிம் திடீரென்று அலையலையாக நெளிந்தால் இழுப்பு எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். 36 கம்பிகளும் சேர்ந்து ரிம்மைச் சுற்றுவாக்கில் ஐந்நூறு கிலோவுக்கு மேல் அமுக்கிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. எல்லாக் கம்பிகளையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

கடைக்குக் கொண்டுபோனால், "அண்ணே, கோட்டம் மட்டும் பார்க்காம எல்லாக் கம்பியும் ஒரே டைட்டா இருக்கான்னு பாருங்க, நேரம் ஆனாலும் பரவாயில்ல" என்று சொல்லி, கேட்கிற கூலிக்கு மேலேயே கொடுங்கள். கோட்டம் எடுக்கும் கூலி நம் ஊரில் அநியாயத்துக்குக் குறைவு. அந்தக் காசுக்கு அரைமணி நேரம் குனிந்து உட்காரச் சொல்வது நியாயமில்லை.

அடிபட்டு ரிம்மே வளைந்திருந்தால் கம்பியை வைத்து அதை நிமிர்த்தக் கூடாது. நிமிரும், நேராகவும் ஓடும், ஆனால் வளைந்த இடத்துக் கம்பிகள் ஏற்றத்தாழ்வாக இழுபட்டுச் சீக்கிரமே அறும். ரிம்மை மாற்றுவதுதான் வழி. கம்பித் துளையைச் சுற்றி ரிம்மில் விரிசல் தெரிந்தாலும் அப்படியே.

புதிதாகக் கட்டிய சக்கரத்தை முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் ஒருமுறை சுண்டிப் பாருங்கள். பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை போதும். கம்பி ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதே பக்கத்தில் மூன்றாவதும் அறுந்தால் மற்றவையும் அதே களைப்பில்தான் இருக்கின்றன. ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு கம்பி முழுவதையும் புதிதாகப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்; ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதைவிட மலிவு. அப்போதே உதிரியாக இரண்டு மூன்று கம்பி கேட்டு வாங்கி, ஃபிரேமில் டேப் ஒட்டிக் கட்டிவையுங்கள். கியர் சக்கரத்தில் வலதுக்கும் இடதுக்கும் நீளம் ஒரு இரண்டு மி.மீ. வேறுபடும், இரண்டு அளவிலும் வேண்டும். வெளியூரில் அறுந்தால் அங்கே கடை இருக்கும், கீயும் இருக்கும், உங்கள் அளவுக் கம்பிதான் இருக்காது.